கை நீட்டிய மகனுக்கு

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நானும் நலமாக இல்லை. உன் இன்லண்டு லெட்டர் திங்கட்கிழமை வந்தது. கமலாவுக்கு வாய் ஜாஸ்தியாகிவிட்டது, ஒரே ஒரு அறை விட்டேன், அதற்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை கொடும்பாளூரில் அவள் அப்பா நாலு பேரை வைத்துப் பேசப்போகிறாராம், நீங்களும் மாமாவும் வந்து நம் பக்கம் உட்கார்ந்து பேசி அவளை அனுப்பிவைக்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு கார்டில் பதில் போட்டு முடித்திருப்பேன். கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறாய்: "நம்ம ரத்தமே சூடு, ஒங்களுக்குத் தெரியாததா அப்பா." அந்த வரிக்கு ஒரு கார்டு போதாது. கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன். பஸ் ஓட்டின கை இது, எழுத்துக் கோணலாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி. ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்து முடித்துவிடு.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்று. கமலா நேராக அவள் அப்பா வீட்டுக்குப் போகவில்லை. போன வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் திருச்சி பஸ்ஸிலிருந்து இறங்கி, நான் ஒண்டியாகக் கிடக்கும் இந்த ஒற்றை அறைக்குத்தான் வந்தாள். பாப்பா தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. முந்தானையை எடுத்தாள், இடது கன்னம் காதுவரை வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. பல் வலி என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸில் வந்தாளாம். "எங்க வீட்டுக்குப் போனா அப்பா தாங்க மாட்டாக மாமா. தங்கச்சியப் பொண்ணு பாக்க வேற வர்றாக. வீக்கம் வத்துற வரைக்கும் இங்கிட்டு ரெண்டு நாள் இருந்துக்கிறேன்" என்றாள். நான் உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. நேராகப் போய் அவள் இடது காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினேன். அந்தப் பெண் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தது. "என்ன மாமா செய்றீங்க?" "கேக்குதா ஆத்தா?" "கேக்குது மாமா." "ரெண்டு பக்கமும் ஒண்ணு போலக் கேக்குதா? பொய் சொல்லாம சொல்லு." "கேக்குது" என்றாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லத்தான் இந்த நோட்டு.

நடந்ததை அவளாகச் சொல்லவில்லை. நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். உன் ஆபீஸில் உனக்கு வரவேண்டிய ஹெட் கிளார்க் வேலையை, உனக்கு நாலு வருஷம் பின்னால் வந்தவனுக்குக் கொடுத்துவிட்டார்களாமே. பத்து நாளாக நீ அதை அவளிடம் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீ சாப்பிட உட்கார்ந்தபோது, "ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான் அவள் பேசியது. இதைத்தான் நீ வாய் ஜாஸ்தி என்று எழுதியிருக்கிறாய். ஆறுதல் சொல்ல வந்தவள் உன் கண்ணுக்குக் கேலி பண்ண வந்தவளாகத் தெரிந்திருக்கிறாள். தெரியும், தம்பி. அது ஏன் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

இந்த ரத்தக் கதையை நீ கண்டுபிடிக்கவில்லை. என் அப்பா சொல்லி நான் கேட்டது, நான் சொல்லி நீ கேட்டது. மாட்டை அடிக்கிற சாட்டையால் என்னை அடித்துவிட்டு, "நம்ம வம்சத்துக்கு ரத்தம் கொஞ்சம் சூடுடா" என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. நானும் நாலு பேர் மத்தியில் அதையே சொல்லித் திரிந்தேன். எனக்கு இப்போது அறுபது வயது. யோசிக்க நேரத்துக்குப் பஞ்சமில்லை. யோசிப்பதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. யோசித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டினேனே, என் முதலாளி மேல் ஒரு தடவையாவது எனக்குக் கை ஓங்கியதா? இல்லை. ரோட்டில் நிறுத்தி லைசென்ஸ் கேட்ட இன்ஸ்பெக்டர் மேல்? ஐயோ, அவர் முன்னால் வாயில் ஈ போனாலும் தெரியாமல் நிற்பேன். ரத்தம் சூடு என்றால் அங்கேயும் அல்லவா சூடாக இருந்திருக்க வேண்டும்? யாரிடம் சூடாகலாம், யாரிடம் ஆறிப்போக வேண்டும் என்று அந்த ரத்தத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. திருப்பி அடிக்காத ஆளாகப் பார்த்துத்தான் என் கை போனது. நீயும் அந்த ஹெட் கிளார்க்கையோ உன் ஆபீஸரையோ அறையவில்லை. பத்து நாள் பொறுத்திருந்து, சோறு போட்டவளை அறைந்திருக்கிறாய்.

சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த வருஷம். உனக்கு எட்டு வயது. பெட்ரோல் கிடைக்காத காலம். எங்கள் வண்டி கரி கேஸில் ஓடியது. பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு அடுப்பு இருக்கும். அதில் கரியைக் கொட்டி மூட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றுக் கொடுத்து, அரை மணி நேரம் போராடினால்தான் வண்டி கிளம்பும். அன்றைக்குக் கறம்பக்குடிச் சந்தை. முந்தின நாள் பெய்த கோடை மழையில் கரி நனைந்துவிட்டது. வண்டி நிறையக் கூட்டம், கூரை மேல் கூடை கூடையாகச் சாமான். எங்களுக்கு அடுத்த டைமிங் வைத்திருந்த வேறொரு கம்பெனி வண்டி எங்களை முந்திக்கொண்டு போய்விட்டது. அந்த நேரம் பார்த்து முதலாளி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். "டேய்! மாட்டு வண்டி ஓட்டப் போடா. ஒனக்கெல்லாம் எவன்டா லைசென்ஸ் குடுத்தான்?" என்று அத்தனை பேருக்கு முன்னால் சத்தம் போட்டார். முகமெல்லாம் கரியோடு, "சரிங்க மொதலாளி, இந்தா ஆச்சுங்க" என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் கூட்டத்தின் ஓரத்தில் உன் மாமா நிற்கிறார். தலையில் ஒரு பலாப்பழம். என் பக்கம் திரும்பிய மாதிரி இருந்தது. அப்புறம் நம் வீட்டுப் பக்கமாக நடந்து போய்விட்டார்.

அன்று முழுவதும் நான் ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டவில்லை. திருவரங்குளம் தாண்டினாலும் அந்த "டேய்"தான், ஆலங்குடி தாண்டினாலும் அந்த "டேய்"தான். மச்சான் பார்த்துவிட்டார், இந்நேரம் தங்கச்சியிடம் போய்ச் சொல்லியிருப்பார், உன் புருஷனுக்கு அங்கே என்ன மரியாதை தெரியுமா என்று சொல்லிச் சிரித்திருப்பார். போகிற வழியெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி நானே வளர்த்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறேன், உன் அம்மா சிரித்த முகமாக வருகிறாள். இரண்டு கையிலும் நல்லெண்ணெய் தடவியிருந்தாள். "அண்ணன் வந்துட்டுப் போச்சுங்க" என்றாள். மீதியைச் சொல்ல நான் விடவில்லை. அறைந்தேன். நீ தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. அவள் சுவரில் மோதி அப்படியே உட்கார்ந்தாள். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இதை எவனும் சொல்ல மாட்டான்: அடித்த அந்த நிமிஷம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கிப்போன மாதிரி இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாளே, அதுவரைக்கும்தான். மூலையில் அந்தப் பலாப்பழம் இருந்தது, பக்கத்தில் அரிவாள்மனை. நான் வந்ததும் வெட்டித் தரலாம் என்று கையில் எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.

உன் அம்மாவுக்கு இடது காது கேட்காது என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் சீழ் வடிந்து போய்விட்டது என்று உன்னிடம் சொல்லியிருந்தாள். அது பொய், தம்பி. அது என் கை.

இரண்டு நாள் கழித்து உன்னையும் கூட்டிக்கொண்டு அவள் உன் மாமா ஊருக்குப் போய்விட்டாள். பதினொரு மாதம் அங்கேதான் இருந்தீர்கள். மாமிக்கு உடம்பு சரியில்லை, ஒத்தாசைக்குப் போயிருக்கிறோம் என்று உனக்குச் சொல்லியிருந்தார்கள். முதல் மாதமே என் சித்தப்பாவும் பங்காளிகள் மூன்று பேரும் போய்ப் பேசினார்கள். நான் போகவில்லை. "ஆம்பள கை நீட்டுறது ஒலகத்துல இல்லாததா? இதுக்குப் போயி பொறந்த வீட்டுல வந்து ஒக்காந்துக்கிட்டா நாளைக்கு ஊரு என்ன பேசும்?" என்று சித்தப்பா உன் மாமாவிடம் கேட்டிருக்கிறார். உன் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, "அவுக வந்து கூப்புட்டா வாரேன். வேற ஒண்ணும் வேணாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அண்ணனும் தங்கையும் சேர்ந்து என்னைக் காலில் விழவைக்கப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. நான் "டேய்" வாங்கியதைப் பார்த்த மனிதன் வீட்டு வாசலில் நான் போய் நிற்பதா? முடியாது என்றேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஊர் வழியாகத்தான் என் வண்டி ஒரு நாளைக்கு இரண்டு தடவை போய்வந்தது. ஸ்டாப்பிலிருந்து உன் மாமா வீடு கூப்பிடு தூரம். நான் ஹாரன் அடித்தால் நீ ஓடிவருவாய். ஜன்னல் வழியாகக் கமர்கட்டோ கடலை மிட்டாயோ கொடுப்பேன். உன் அம்மா வீட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். பக்கத்துக் கண்ணாடியில் தெரிவாள், சின்னதாக. வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு நகரும்வரை நிற்பாள். நான் ஸீட்டை விட்டு இறங்கியதில்லை. என் கண்டக்டர் காதர், கடற்கரை ஊர்க்காரர், என்னைவிட வயதில் சின்னவர். ஒரு நாள் மெதுவாக வந்து, "அண்ணே, மேல சாமான் ஏத்துற மாதிரி நான் ரெண்டு நிமிசம் லேட் பண்றேன். எறங்கிப் போயி ஒரு வார்த்தை கூப்புட்டுட்டு வந்துருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். "ஒன் சோலியப் பாருய்யா" என்று வள்ளென்று விழுந்தேன். அவர் பின்னால் போய் விசிலை ஊதினார். அதற்கப்புறமும் அந்த ஸ்டாப்பில் மட்டும் எப்போதும் தாமதமாகத்தான் விசில் ஊதுவார். நான் அதைத் தெரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இப்போது எண்ணிப் பார்த்தால், நாளுக்கு இரண்டு தடவை, பதினொரு மாதம், அந்த மனிதர் எனக்காக வண்டியை நிறுத்திவைத்துக் காத்திருந்திருக்கிறார்.

அப்புறம் ஒரு நாள் உன் அம்மா தகரப்பெட்டியும் உன் கையுமாக அந்த ஸ்டாப்பில் நின்றாள். உன் மாமி ஏதோ சொல்லியிருக்கிறாள். பிறந்த வீடாக இருந்தாலும் வருஷக்கணக்கில் யார் வைத்துக்கொள்வார்கள்? ஏறி, பெண்கள் ஸீட்டில் உட்கார்ந்தாள். காதர் டிக்கெட் வேண்டாம் என்று கையை ஆட்டியிருக்கிறார். "குடுங்கண்ணே, டிக்கெட்டக் குடுங்க" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. புருஷன் ஓட்டுகிற வண்டியில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான் என்ன நினைத்தேன்? ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன், மடையன். வந்து வீட்டைக் கூட்டினாள், அடுப்பைப் பற்றவைத்தாள். அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் உயிரோடு இருந்தாள். சோறு வைக்கவா, வெந்நீர் போடவா, மழை வருது துணியை எடுங்க என்பது தவிர அவளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. உன்னோடு பேசினாள், சிரித்தாள். அதனால் உனக்குத் தெரிந்திருக்காது. நான் உள்ளே வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். நான் மறுபடி அவள் மேல் கை வைக்கவில்லை. அதற்கு ஒரு மெடல் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

நான் மன்னிப்புக் கேட்காமலும் இல்லை, கேள். அவள் முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். நான் போய் இடது பக்கம் உட்காருவேன். "தப்புப் பண்ணிட்டேன்" என்று மெதுவாகச் சொல்வேன். அந்தக் காது கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன். சொல்லியாச்சு என்று ஒரு திருப்தி எனக்கு. அவள் தெரிந்துகொண்டு ஏதாவது சொல்லிவிடுவாளோ என்ற பயமும் இல்லை. எத்தனை தடவை இப்படிச் செய்திருப்பேன் என்று கணக்கில்லை. வலது பக்கம் உட்கார எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை. உடம்பு முடியாமல் படுத்தபிறகு, கஞ்சி கொடுக்கும்போது ஒரு நாள் அவளாகவே சொன்னாள்: "ஒரு தடவ எறங்கி வந்திருக்கலாம்ல." கோபமாகச் சொல்லவில்லை. நான் அடுத்த வாய்க் கஞ்சியை எடுத்து நீட்டினேன். நாலாவது நாள் போய்விட்டாள். நீ திருச்சியிலிருந்து மறுநாள்தான் வந்து சேர்ந்தாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு உன் மாமாவும் நானும் தனியாக இருந்தோம். இனிமேல் என்ன வெட்கம் என்று நானே ஆரம்பித்தேன். "அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல மொதலாளி என்னைய அப்படிப் பேசுனத நீங்க பாத்துட்டீங்களே, அது என் மனசுல..." என்று இழுத்தேன். அவர், "யாரு, ஒங்க மொதலாளியா? எப்ப மாப்ளே?" என்றார். நான் நாளைச் சொன்னேன், பலாப்பழத்தைச் சொன்னேன். "பழம் தலைய அமுக்குது, துண்ட வேற காதோட சேத்துக் கட்டியிருந்தேன். கூட்டம்னு தெரிஞ்சுச்சு. எங்கிட்டாச்சும் எறக்கி வச்சாப் போதும்னு வீட்டப் பாத்து நடந்துட்டேன். ஒங்களக்கூட நான் பாக்கலையே" என்றார். அவர் பார்க்கவே இல்லை, தம்பி. யாரும் பார்க்காத ஓர் அவமானத்துக்காக நான் ஒருத்தியின் காதை எடுத்தேன், பதினொரு மாதம் ஸீட்டில் உட்கார்ந்திருந்தேன், பன்னிரண்டு வருஷம் ஊமை வீட்டில் வாழ்ந்தேன்.

உன்னிடமும் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. நீ ஒன்பதாவது படிக்கும்போது ஒரு பையனின் பல்லை உடைத்துவிட்டாய். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அங்கே தலையைக் குனிந்து நின்றுவிட்டு, வெளியே வந்ததும் ஏன்டா அடித்தாய் என்று கேட்டேன். "ஒங்கம்மா செவிடுன்னு சொன்னான்" என்றாய். உன்னை நேராகக் கிளப்புக் கடைக்குக் கூட்டிப்போய் அல்வாவும் காபியும் வாங்கித் தந்தேன். "ஆம்பளப் புள்ளன்னா இப்படித்தான் இருக்கணும். நம்ம ரத்தமாச்சே" என்று முதுகில் தட்டினேன். நீ வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு தின்றாய். அந்தப் பல் என் வாயிலிருந்து அல்லவா விழுந்திருக்க வேண்டும்? கை நீட்டினால் அல்வா கிடைக்கும் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். முதுகில் தட்டியது நான். உன் ரத்தத்தில் ஒன்றும் இல்லை.

கோபக்காரர்களை நான் கொஞ்சமாகப் பார்க்கவில்லை. சந்தை நாள் பஸ்ஸில் சண்டை இல்லாமல் இருக்காது. ஒரு தடவை ஆலங்குடியில் ஏறின ஓர் ஆள், கோழிக்கூடை காலில் இடித்துவிட்டது என்று ஒரு பெரியவரைச் சட்டையைப் பிடித்து அடித்துவிட்டான். எல்லாரும் சேர்ந்து அவனை மொத்தப் போனார்கள். காதர் எல்லாரையும் விலக்கிவிட்டு, அவனை என் பக்கத்து ஸீட்டில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "எங்கேருந்து வாரீக?" என்று மட்டும் கேட்டார். அந்த ஆள் கொஞ்ச நேரம் முறைத்தான். அப்புறம் கேவிக் கேவி அழுதான். மகளுக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அன்று காலையில்தான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கோழிக்கூடைக்காரப் பெரியவரே அவனுக்கு வெற்றிலை எடுத்துக் கொடுத்தார். நான் வண்டி ஓட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தேன். ஆனால் அதை என்னோடு சேர்த்து அன்றைக்கு யோசிக்கவில்லை. அடி விழுகிற இடம் வேறு, வலி இருக்கிற இடம் வேறு என்பது எனக்கு உன் அம்மா போனபிறகுதான் உறைத்தது. ஆனால் இதைச் சாக்காகச் சொல்லிக்கொள்ளாதே. முதலாளி என்னை "டேய்" என்று சொன்னது அவர் தப்பு. அதை வீடுவரை சுமந்துவந்து இறக்கியது என் தப்பு. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க முடியாது.

கமலாவும் பாப்பாவும் இங்கே இருந்த இரண்டு நாளும் இந்த அறையில் சத்தம் இருந்தது. பாப்பா என் இரண்டு பாத்திரத்தையும் தட்டித் தட்டி நசுக்கிவிட்டது. நான் வைத்த குழம்பில் உப்பில்லை என்று கமலா சிரித்தாள். வீங்கின கன்னத்தோடு சிரித்தாள். வியாழக்கிழமை நானே அவர்களைக் கொடும்பாளூருக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தேன். அவள் அப்பா என்னை வாங்க என்று மட்டும் சொன்னார். நானாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் பாத்திரங்கள் கவிழ்ந்து கிடந்தன. எடுத்துவைக்க மனமில்லாமல் இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தேன். தனியாக இருப்பது கஷ்டம் என்று உனக்கு நான் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். ஒரு உழக்கு அரிசி பொங்கி, பாதியைத் தின்று, மீதியில் தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் யார் வண்டியாவது கிளம்புகிறதா என்று பார்த்து உட்கார்ந்திருப்பேன். புது டிரைவர்களுக்கு என்னைத் தெரியாது. காதரும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். இது விதி இல்லை, தம்பி. ஒவ்வொரு நாளாக நானே சம்பாதித்தது. உனக்கு இருபத்தேழு வயது. நீ இன்னும் சம்பாதிக்கத் தொடங்கவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே. லீவு போடு. நாளைக்கே கிளம்பு. மாமாவைக் கூட்டிப்போகாதே, ஆபீஸ் சிநேகிதனைக் கூட்டிப்போகாதே, தனியாகப் போ. அவள் அப்பா உள்ளே கூப்பிடாவிட்டால் வாசலில் நில். ரத்தத்தைப் பற்றிப் பேசாதே, அவள் வாயைப் பற்றிப் பேசாதே. அடித்தது தப்பு என்று அவளுக்குக் கேட்கிற மாதிரி சொல், அவள் தங்கைக்கும் கேட்டால் கேட்கட்டும். அப்புறம் ஆபீஸில் நடந்ததைச் சொல். அந்த வேலை கிடைக்காதது உனக்கு எவ்வளவு கேவலமாக இருந்தது என்று அவளிடம் சொல்ல முடிந்தால், பாதி வேலை முடிந்தது. நான் உன் அம்மாவிடம் அந்த "டேய்"யைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் அந்த முதலாளியை நாலு வசவு வைதிருப்பாள், எனக்குப் பலாச்சுளை எடுத்துக் கொடுத்திருப்பாள். கமலா வரமாட்டேன் என்று சொன்னாலும் சொல்வாள். அது அவள் இஷ்டம். கோபப்படாமல் திரும்பி வா. மறுபடி போ.

நீ போகவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை பேச்சு நடக்கும். நீ கேட்டபடி நான் வருவேன். ஆனால் உன் பக்கம் உட்கார மாட்டேன். கமலாவின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருவேன். என்னைக் கேட்டால் உன் அம்மாவின் காதைப் பற்றி அத்தனை பேருக்கும் முன்னால் சொல்வேன், என் பிள்ளை செய்தது தப்பு, அவன் திருந்துகிறவரை பெண்ணை அனுப்பாதீர்கள் என்று சொல்வேன். உனக்கு ஆத்திரமாக வரும். பெற்ற அப்பனே காட்டிக்கொடுத்துவிட்டான் என்று இந்த வீட்டுப் படியை நீ மிதிக்காமலே போகலாம், நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்கவும் வராமல் போகலாம். எனக்கு இந்த உலகத்தில் இருப்பது நீ ஒருத்தன்தான் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு என் சித்தப்பாவும் பங்காளிகளும் வரிசையாக என் பக்கம் உட்கார்ந்தார்கள். நம் வீட்டிலிருந்து ஒரே ஒரு ஆள் எழுந்து உன் அம்மா பக்கம் போய் உட்கார்ந்திருந்தால், நான் அன்றைக்கே இறங்கி வந்திருப்பேன்.

உன் அப்பா